ஸ்காட்லாந்துக் கோட்டை அஞ்சலட்டையும் அதன் மூன்று தேதிகளும்

பழைய தகரப் பெட்டியைக் கிளறும்போது ஒரு படஅஞ்சலட்டை கையில் கிடைக்கிறது. முன்பக்கம் பாறைமேல் ஒரு கோட்டை, கீழே ஏரி. பின்பக்கம் பச்சை நிறத் தபால்தலை, பாதி அழிந்த முத்திரை, சாய்ந்த கையெழுத்தில் நாலு வரி. எந்தக் கோட்டை, எந்த ஆண்டு, யார் யாருக்கு எழுதியது என்று தெரிந்துகொள்ள ஆசை வரும். விடையில் பெரும்பகுதி அந்த அட்டையிலேயே இருக்கிறது.

புதிதாக இதில் இறங்குகிறவர்கள் முதலில் சறுக்கும் இடம், அட்டைக்கு ஒரே ஒரு தேதிதான் என்று நினைப்பது. உண்மையில் மூன்று உண்டு: படம் எடுத்த தேதி, அட்டை அச்சான தேதி, தபாலில் போட்ட தேதி. மூன்றும் ஒரே கோடைக்குள் அடங்கிவிடலாம். நடுவில் இருபது முப்பது ஆண்டு ஓடியிருக்கவும் கூடும். பழைய கண்ணாடி நெகட்டிவை வைத்துக்கொண்டு பல ஆண்டு கழித்தும் அட்டை அச்சிட்ட நிறுவனங்கள் உண்டு. அச்சான அட்டை கடையில் விலைபோகாமல் தூங்கியும் இருக்கலாம். அதனால் ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். கிடைக்கும் ஒவ்வொரு தடயத்தையும் அதற்குரிய கட்டத்தில் மட்டும் எழுதுங்கள். ‘இதற்கு முன் இருக்க முடியாது’, ‘இதற்குப் பின் இருக்க முடியாது’ என்ற இரண்டில் அது எதைச் சொல்கிறது என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். பெரும்பாலான தடயங்கள் இந்த இரண்டில் ஒன்றைத்தான் உறுதியாகச் சொல்லும்.

தொடுவதற்கு முன்

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலரவிட்டால் போதும். பஞ்சுக் கையுறை வேண்டாம். அது விரலின் உணர்வை மழுக்கும், நைந்த ஓரங்களில் சிக்கி இழுக்கும். படப்பக்கம் பளபளப்பான அசல் புகைப்படமாக இருந்தால் மட்டும் பவுடர் பூசாத நைட்ரைல் கையுறை போடுங்கள். விரல் எண்ணெய் அந்தப் பரப்பில் இன்றைக்குத் தெரியாது, சில காலம் கழித்து ரேகையாகத் தெரியும்.

அட்டை ஆல்பத்தில் இருந்தால், எடுக்கும் முன் ஆல்பப் பக்கம் முழுவதையும் படம் எடுத்துவையுங்கள். பக்கத்துப் பக்கத்து அட்டைகள் ஒரே பயணத்தில் வாங்கியவையாக இருக்க வாய்ப்புண்டு. அந்த வரிசையைக் கலைத்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. மூலைகளைச் செருகும் வெட்டுள்ள ஆல்பம் என்றால் பக்கத்தை வளையுங்கள், அட்டையை வளைக்காதீர்கள். 1970களின் பிசுபிசுப்பான பிளாஸ்டிக் உறை ஆல்பம் என்றால், மெழுகு தடவாத பல் இடுக்கு நூலை அட்டைக்கும் பக்கத்துக்கும் நடுவே விட்டு, ரம்பம் போல மெல்ல இழுத்துப் பிரிக்கலாம். முழுதாகக் கோந்து தடவி ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள். நீராவி காட்டுவதும் ஈரத்துணி வைப்பதும் கூடாது. அக்காலத்தில் பலர் எழுதிய காப்பியிங் பென்சில் காய்ந்திருக்கும்போது சாம்பல் நிறமாகத்தான் தெரியும். ஒரு சொட்டு நீர் பட்டால் ஊதாவாகி எழுத்து முழுவதும் கரைந்து பரவிவிடும்.

தபால்தலையைக் கழற்றவே கூடாது. அரைப் பென்னித் தலைகள் கோடிக்கணக்கில் அச்சானவை, தனியாக எடுத்தால் காசு பெறாது. முத்திரையில் பாதி அந்தத் தலைமேல்தான் விழுந்திருக்கிறது. தலை போனால் தேதியும் போச்சு.

அடுத்து ஸ்கேன். இரு பக்கமும் 600 டிபிஐ, முழு வண்ணம், டிஃப் கோப்பு. வழக்கமான 140×89 மில்லிமீட்டர் அட்டை இந்த அளவில் ஏறத்தாழ 3300×2100 பிக்சலாக, 21 மெகாபைட் அளவில் வரும். கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று சாம்பல் வண்ணத்தில் ஸ்கேன் செய்தால் மையின் நிறம், முத்திரையின் நிறம், காகிதம் மஞ்சளித்த விதம் எல்லாம் போய்விடும். ஸ்கேனர் தானாகச் செய்யும் ‘மெருகேற்றல்’ எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அச்சுப் புள்ளிகளால் படத்தில் அலை அலையாகக் கோடு விழுந்தால் அதை நீக்கும் வசதியைப் பிரதியில் மட்டும் பயன்படுத்துங்கள், மூலக் கோப்பில் வேண்டாம். பென்சில் எழுத்து மங்கிப்போயிருந்தால், இருட்டறையில் மேசை விளக்கை அட்டையின் பக்கவாட்டில் தாழ வைத்துப் போனில் படம் எடுங்கள். பென்சில் போனாலும் அழுத்திய பள்ளம் நிழலாகத் தெரியும்.

அளவும் பின்பக்கமும்

இனி ஒரு அளவுகோல். பிரிட்டனில் அஞ்சலட்டை 1870 அக்டோபர் 1 அன்று வந்தது, ஆனால் அது அரசு அச்சிட்ட வெற்று அட்டை. தனியார் அச்சிட்ட அட்டையில் தபால்தலை ஒட்டி அனுப்ப 1894 செப்டம்பர் 1 முதல்தான் அனுமதி. ஆகவே கோட்டைப் படம் போட்ட அட்டைக்கு அதுவே பொதுவான தொடக்க எல்லை. ஆரம்ப அட்டைகள் சற்றுச் சதுரமாக, சுமார் 115×89 மி.மீ. இருக்கும். 1899 நவம்பரில் 140×89 மி.மீ. அனுமதிக்கப்பட்டது, அடுத்த அறுபது ஆண்டுக்கு அதுவே வழக்கமான அளவு. 6×4 அங்குலம் அளவிலான பெரிய பளபள வண்ண அட்டை என்றால் பெரும்பாலும் 1960களுக்குப் பிறகு.

பின்பக்கத்தைப் பாருங்கள். நடுவில் கோடு போட்டு, இடப்புறம் செய்தி, வலப்புறம் முகவரி என்று பிரித்திருந்தால் அட்டை 1902 ஜனவரிக்கு முன் அச்சானதாக இருக்க முடியாது. உலகத்திலேயே பிரிட்டன்தான் இதை முதலில் அனுமதித்தது. அதற்கு முன் பின்பக்கம் முழுவதும் முகவரிக்கே. செய்தியைப் படத்தின் ஓரத்து வெள்ளையில் திணிக்க வேண்டும். கோட்டைக்கு மேலே வானத்தில் யாராவது ‘நலம், மழை’ என்று கிறுக்கியிருந்தால் கோபப்படாதீர்கள், அவருக்கு வேறு இடம் இல்லை. ஆனால் கோடு இல்லை என்பதாலேயே 1902க்கு முற்பட்டது என்று சொல்லிவிடவும் கூடாது. பழைய இருப்பு அதற்குப் பிறகும் விற்றது.

பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஜெர்மனியில், சாக்சனியில் அல்லது பவேரியாவில் அச்சிடப்பட்டது என்று இருக்கிறதா? வண்ண அச்சில் ஜெர்மானியர் கைதேர்ந்தவர்கள். பிரிட்டிஷ் பதிப்பாளர்கள் பலர் அங்கேதான் அச்சடித்து வாங்கினார்கள். 1914 ஆகஸ்டில் போர் தொடங்கியதும் அது நின்றது. பழங்கால அட்டையில் அந்த வரி இருந்தால் அச்சான தேதிக்கு நல்ல முடிவு எல்லை கிடைத்துவிடுகிறது. பதிப்பாளர் முகவரியில் எழுத்தும் எண்ணும் கலந்த முழு அஞ்சல் குறியீடு இருந்தால் (லண்டனின் ‘இ.சி.4’ போன்ற பழைய வட்டார எண் இதில் சேராது), அட்டை எவ்வளவு பழசாகத் தெரிந்தாலும் 1960களுக்கு முந்தையது அல்ல.

தபால்தலை, கட்டணம்

பிரிட்டன் தபால்தலையில் நாட்டின் பெயர் இருக்காது. அரசர் அல்லது அரசியின் தலைதான் அடையாளம். விக்டோரியா ஆண்டது 1901 ஜனவரி வரை. தாடியுடன் இருக்கும் ஏழாம் எட்வர்ட் தலைகள் 1902 ஜனவரி 1 முதல்; அவருடைய அரைப் பென்னி முதலில் நீலப்பச்சை, 1904 இறுதியிலிருந்து மஞ்சள்பச்சை. ஐந்தாம் ஜார்ஜ் 1911 ஜூன் 22 முதல். அவருக்கும் தாடி உண்டு என்பதால் எட்வர்டோடு குழப்பிக்கொள்வார்கள். ஜார்ஜின் முதல் தலைகளில் முகம் முக்கால்வாசி திரும்பியிருக்கும். 1912இல் வந்தவற்றில் முழுப் பக்கவாட்டு முகம். அலங்காரமே இல்லாமல் தலையும் கிரீடமும் மட்டும் இருந்தால் எட்டாம் எட்வர்ட், 1936 செப்டம்பர். தாடியில்லாத ஆறாம் ஜார்ஜ் 1937 மே முதல். இரண்டாம் எலிசபெத் 1952 டிசம்பர் முதல். 1958 ஆகஸ்டிலிருந்து ஸ்காட்லாந்துச் சின்னங்கள் பொறித்த தனித் தலைகளும் வந்தன. தலை வெளியான தேதி தபாலில் போட்டதற்குத் தொடக்க எல்லை மட்டுமே. அரசர் இறந்த மறுநாளே அவர் தலை செல்லாமல் போவதில்லை.

முத்திரையில் ஆண்டு அழிந்திருந்தால் கைகொடுப்பது கட்டணம். உள்நாட்டு அஞ்சலட்டைக்கு:

- 1918 ஜூன் வரை அரைப் பென்னி
- 1918 ஜூன் முதல் 1 பென்னி
- 1921 ஜூன் முதல் 1½ பென்னி
- 1922 மே இறுதியிலிருந்து மறுபடி 1 பென்னி
- 1940 மே முதல் 2 பென்னி
- 1957 அக்டோபர் முதல் 2½ பென்னி
- 1965 மே முதல் 3 பென்னி
- 1968 செப்டம்பரில் அஞ்சலட்டைக்கென்று தனிக் கட்டணமே போய்விட்டது

தலையையும் கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்தால் இடைவெளி நன்றாகச் சுருங்கும். ஐந்தாம் ஜார்ஜின் பச்சை அரைப் பென்னி ஒன்று மட்டும் ஒட்டி உள்நாட்டுக்குப் போன அட்டை 1911 ஜூனுக்கும் 1918 ஜூனுக்கும் நடுவில். பழுப்பு நிற 1½ பென்னி ஒட்டியிருந்தால், 1921–22இன் அந்த ஒரு வருடத்தைச் சேர்ந்ததாக இருக்க நல்ல வாய்ப்பு.

இங்கே இரண்டு பொறிகள். வெளிநாட்டு அட்டைக்கு அரைப் பென்னிக் காலத்திலேயே 1 பென்னி கட்டணம். ஆகவே எட்வர்டின் சிவப்பு 1 பென்னித் தலையைப் பார்த்ததும் முகவரியில் எந்த நாடு என்று பாருங்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் பலர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இருந்தார்கள். கண்டிக்கோ ஹட்டனுக்கோ போன அட்டை கையில் கிடைத்தால் வந்துசேர்ந்த இடத்து முத்திரையையும் தேடுங்கள். இரண்டாவது பொறி, செய்தி எழுதாமல் பெயரும் ஓரிரு வாழ்த்துச் சொல்லும் மட்டும் எழுதிய அட்டை. அது அச்சடித்த தாள்களுக்கான கட்டணத்தில் மலிவாகப் போகலாம். 1920களில் அரைப் பென்னியோடு ஒரு அட்டை இருந்தால் கணக்குத் தப்பு என்று முடிவு கட்டும் முன் செய்தியின் நீளத்தைப் பாருங்கள்.

முத்திரை

வட்ட முத்திரையில் ஊர், நேரம், தேதி இருக்கும். மாதத்துக்கு இரண்டே எழுத்து: மார்ச்சுக்கு எம்-ஆர், மே மாதத்துக்கு எம்-ஒய், ஜூனுக்கு ஜே-யு, ஜூலைக்கு ஜே-ஒய், செப்டம்பருக்கு எஸ்-பி. ஜூனும் ஜூலையும் மாறிப்போவது அடிக்கடி நடக்கும். கடைசி எழுத்தின் கீழ்வால் தெரிகிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஊர்ப்பெயர் அழிந்து, பக்கத்தில் கம்பி போன்ற கோடுகளுக்கு நடுவே எண் மட்டும் மிஞ்சியிருந்தால் அதுவும் ஊர்தான்: 131 எடின்பரோ, 159 கிளாஸ்கோ, 114 டண்டீ, 1 அபர்தீன்.

நேரம் ஏன் முக்கியம்? அக்கால நகரங்களில் ஒரு நாளைக்குப் பல தடவை தபால் பட்டுவாடா நடந்தது. காலையில் போட்டால் மாலையில் கையில் கிடைத்துவிடும். ‘இன்று சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வா’ என்று அட்டையில் எழுதியிருப்பது வேடிக்கை அல்ல, அன்றைய வாட்ஸ்அப் அதுதான்.

முத்திரை ஊரும் கோட்டையின் ஊரும் வேறாக இருப்பது சாதாரணம். ஸ்டர்லிங்கில் வாங்கி, இரவு கிளாஸ்கோ திரும்பிப் போட்டிருப்பார்கள். வட்டத்துக்குப் பக்கத்தில் வழக்கமாக விழும் அலை வடிவக் கோடுகளுக்குப் பதிலாக விளம்பர வாசகம் விழுந்திருந்தால் 1917இன் கடைசிக்குப் பிறகு. பிரிட்டனில் அந்த வழக்கம் போர்ப் பத்திரம் வாங்கச் சொன்ன முத்திரைகளோடுதான் வேரூன்றியது.

அச்சும் பதிப்பாளரும்

நகைக்கடையில் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வானத்தையும் சுவரின் நிழலையும் அதில் பாருங்கள். வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் ஹாஃப்டோன் அச்சு. காய்ந்த குளத்து மண் வெடித்தது போல ஒழுங்கில்லாத நுண்சுருக்கம் தெரிந்தால் கொலோடைப். எந்தப் புள்ளியும் இல்லாமல் கறுப்பு வெள்ளையாகக் கரைந்து போனால் அது புகைப்படத் தாளிலேயே கழுவிய அசல் படம். அட்டையைச் சாய்த்துப் பிடித்தால் கறுத்த ஓரங்களில் கண்ணாடிப் பளபளப்பு தெரியும், வெள்ளி மேலே வந்ததன் அடையாளம் அது. துடைத்துப் போக்கப் பார்க்காதீர்கள்.

பழைய வண்ண அட்டையில் வண்ணத்தை நம்பாதீர்கள். அடியில் இருப்பது கறுப்பு வெள்ளைப் புகைப்படம். வண்ணத் தட்டுகளைத் தயாரித்தவர் அந்தக் கோட்டையைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சாம்பல் கல் செங்கல் நிறமாகும். பகலில் எடுத்த படத்தில் நீலம் பூசி, மேகத்துக்குள் ஒரு நிலாவை வைத்து, ஜன்னல்களுக்கு மஞ்சள் தீட்டினால் ‘நிலவொளியில் கோட்டை’ தயார். நிழல் விழும் திசையைப் பாருங்கள், நிலாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது.

பதிப்பாளர் பெயர் பின்பக்கத்திலோ படத்தின் கீழ் மூலையிலோ இருக்கும். ஸ்காட்லாந்து என்றால் முதலில் டண்டீயின் வாலன்டைன். 1825இல் தொடங்கிய நிறுவனம். வட்டத்துக்குள் ஜே, வி எழுத்துகளும் பக்கத்தில் ஒரு வரிசை எண்ணும் அதன் அடையாளம். அந்த எண் நெகட்டிவுக்கு உரியது. ஆகவே அதை முதல் கட்டத்தில், படம் எடுத்த தேதியின் கீழ் எழுதுங்கள். அச்சான தேதிக்கு அது சாட்சி அல்ல. நிறுவனத்தின் படத்தொகுப்பு செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, இணையப் பட்டியலில் அந்த எண்ணைப் போட்டே தேடலாம். ஜி.டபிள்யூ.டபிள்யூ. என்ற மூன்றெழுத்து இருந்தால் அபர்தீனின் ஜார்ஜ் வாஷிங்டன் வில்சன். அவர் 1893இல் இறந்தார், நிறுவனம் அதன்பின்னும் சில ஆண்டு நடந்தது. படம் எடுத்தவருக்கும் அட்டைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விழும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அவருடைய கண்ணாடி நெகட்டிவுகள் அபர்தீன் பல்கலைக்கழகத்தில் உள்ளன.

எடின்பரோவின் ரிச்சி நிறுவனம் ‘ரிலையபிள்’ வரிசை போட்டது, கிளாஸ்கோவின் மில்லர் அண்ட் லாங் ‘நேஷனல்’ வரிசை, டண்டீயின் ஒயிட் ‘பெஸ்ட் ஆஃப் ஆல்’ வரிசை. லண்டனின் ரஃபேல் டக் 1903 முதல் வெளியிட்ட ‘ஆயிலெட்’ அட்டைகள் ஓவியத்தின் அச்சு. பார்க்க அழகு, ஆனால் ஓவியர் ஒரு மரத்தை நகர்த்தியிருப்பார், மலையை உயர்த்தியிருப்பார். கட்டட விவரத்துக்கு அவற்றைச் சாட்சியாக வைக்காதீர்கள். டக்கின் தலைமையகம் 1940 டிசம்பர் 29 குண்டுவீச்சில் எரிந்துபோனது.

கோட்டை சொல்லும் சாட்சி

படம் எடுத்த தேதிக்கு இதுதான் உறுதியான வழி. கோட்டைகள் மாறாதவை என்று நினைக்கிறோம். ஸ்காட்லாந்தில் அப்படி இல்லை. இடிந்தவை எழுந்தன, எழுந்தவை எரிந்தன.

எய்லன் டோனன் இதற்கு நல்ல பாடம். 1719இல் கடற்படை வெடிவைத்துத் தகர்த்த பிறகு இரண்டு நூற்றாண்டு அது தீவில் கிடந்த கல்குவியல். 1911இல் ஜான் மக்ரே-கில்ஸ்ட்ராப் வாங்கித் திரும்பக் கட்டினார். 1932இல் வேலை முடிந்தது. இன்று எல்லாரும் படம் எடுக்கும் அந்த வளைவுக் கல்பாலமும் அந்தத் திருப்பணியில் வந்ததுதான். ஒரு அட்டையை எடுத்துக்கொள்வோம்: முத்திரை 1935, படத்தில் இடிந்த சுவர்கள், பாலம் இல்லை. புதியவர் குழம்பிப்போவார். மூன்று கட்டம் போட்டால் குழப்பமே இல்லை. படம் திருப்பணிக்கு முந்தையது, அட்டை பழைய நெகட்டிவில் அச்சானது அல்லது பழைய இருப்பு, தபாலில் போட்டது 1935.

இப்படி ஒவ்வொரு கோட்டைக்கும் ஒரு குறி உண்டு. மல் தீவின் டூவர்ட் கோட்டையை 1911இல் சர் ஃபிட்ஸ்ராய் மக்லீன் வாங்கிப் புதுப்பித்தார். கூரையின்றி நின்றால் அதற்கு முன். ஸ்டாக்கர் கோட்டை, ஏரிக்குள் தனியாக நிற்கும் ஒற்றைக் கோபுரம், 1965க்குப் பிறகுதான் புதுப்பிக்கப்பட்டது. டன்ராபினில் 1915இல் தீ. பிறகு கட்டடக் கலைஞர் ராபர்ட் லோரிமர் முக்கியக் கோபுரத்தின் உச்சியையே மாற்றினார், ஆகவே கோபுரத் தலையை ஒப்பிட்டால் முன்பா பின்பா என்று தெரிந்துவிடும். இன்வரேரியில் 1877 தீக்குப் பிறகு மேல்மாடியும் மூலைக் கோபுரங்களுக்குக் கூம்புக் கூரையும் ஏறின. அஞ்சலட்டைக் காலம் முழுவதும் கூம்புகள் உண்டு. கூம்பு இல்லாத படம் என்றால் அது தீக்கு முந்தைய புகைப்படத்தின் அல்லது பழைய செதுக்கு ஓவியத்தின் நகல்.

எடின்பரோ அட்டைகள்தான் எண்ணிக்கையில் மிகுதி, தடயங்களும் மிகுதி. வாயிற்கட்டடத்தின் இருபுறமும் வாலஸ், புரூஸ் சிலைகள் 1929இல் வைத்தவை. மாடம் காலியாக இருந்தால் அதற்கு முன். பிரின்சஸ் தெருவிலிருந்து எடுத்த படத்தில் குதிரைவீரர் சிலை தெரிந்தால் 1906 அல்லது அதற்குப் பிறகு. அந்தத் தெருவை ஒட்டிய பூங்காவின் மலர்க் கடிகாரம் 1903இல் வந்தது, முதல் ஆண்டு அதற்கு மணி முள் மட்டும்தான். டிராம் வண்டியின் மேலே கம்பி இல்லை என்றால், தரைக்கடியில் ஓடும் கேபிள் இழுத்த காலம். 1922–23இல் அது மின்சாரத்துக்கு மாறியது, 1956 நவம்பரில் டிராமே நின்றது. ஓவியம் தீட்டுவோர் சில சமயம் கம்பிகளை அழித்துவிடுவார்கள் என்பதால் கம்பம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஸ்டர்லிங் கோட்டையில் 1964 வரை ராணுவம் இருந்தது. அட்டையில் ‘இங்கே அனுப்பிவிட்டார்கள், சாப்பாடு பரவாயில்லை’ என்ற மாதிரி வரி இருந்தால் எழுதியவர் சுற்றுலாப் பயணி அல்ல, அங்கே பயிற்சியில் இருந்த சிப்பாயாக இருக்கலாம். அந்தக் கோட்டையின் பெருமண்டபம் மஞ்சள்பொன் நிறத்தில் பளிச்சென்று நின்றால் 1999இல் முடிந்த திருப்பணிக்குப் பிந்தைய படம்.

படத்தின் கீழே பெயர் வெட்டுப்பட்டிருந்தால், நிலத்தோற்றத்தை முதலில் எழுதுங்கள்: கடலா ஏரியா, தீவா மேடா, பின்னால் எந்த வடிவ மலை. பிறகு படத்தேடல். இணையம் தரும் முதல் விடை பெரும்பாலும் எய்லன் டோனன்தான், தண்ணீரும் கோபுரமும் இருந்தாலே அதைச் சொல்லிவிடும்! கில்கர்ன், ‘ஆ’ என்ற பெயருள்ள ஏரியின் மேல்முனையில் தாழ்வான மேட்டில் நிற்பது; அர்க்கர்ட், நெஸ் ஏரிக் கரையில் சரிந்து கிடப்பது; இரண்டும் இடிபாடு. பெயர் பாதி தெரிந்தால் இன்னொரு குழப்பம்: டன்வேகன், டன்ராபின், டனாட்டர், டன்ஸ்டாஃப்னிஜ், டனோலி. ‘டன்’ என்றால் ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் கோட்டை. முன்பாதி மட்டும் தெரிந்து பயனில்லை, பின்பாதிதான் ஊர். சரிபார்க்க ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் பழைய வரைபடங்கள் இலவசம். கேன்மோர் என்று முன்பு இருந்த தொல்பொருள் பதிவேடு இப்போது ட்ரோவ்.ஸ்காட் தளத்தில் இருக்கிறது. இன்று அதே கோணத்தில் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்து, ஜன்னல்களை எண்ணுங்கள். மரம் வளரும், ஜன்னல் நகராது. இடவலம் மாறி அச்சான அட்டை அபூர்வமாக உண்டு. எண்ணிக்கை சரி, வரிசை தலைகீழ் என்றால் அதுதான்.

எழுதியவர், பெற்றவர்

முகவரியின் கடைசியில் என்.பி. என்று இருந்தால் அது பெயரின் முதலெழுத்து அல்ல. ‘வட பிரிட்டன்’ என்பதன் சுருக்கம், ஸ்காட்லாந்தை அப்படிக் குறிப்பிட்ட காலம் ஒன்று இருந்தது.

செய்தியைப் படிக்கும்போது ஸ்காட்லாந்து வழக்கு ஏமாற்றும். ‘ஸ்டே’ என்று எழுதியிருந்தால் அங்கே தங்கியிருக்கிறார் என்று பொருள் கொள்ளாதீர்கள், அது அவர் குடியிருக்கும் வீடு. ‘மெசேஜஸ்’ வாங்கப் போனேன் என்றால் மளிகை சாமான் வாங்கப் போனேன் என்று அர்த்தம். தந்தி, கடிதம் எதுவும் இல்லை. ‘தி மார்ன்’ என்றால் நாளைக்கு. ‘ஃபேர்’ என்று ஜூலையில் எழுதினால் கிளாஸ்கோ ஆலைகள் மூடும் கோடை விடுமுறை.

ஆளைத் தேட ஸ்காட்லாந்துஸ் பீப்பிள் என்ற அரசுத் தளம். பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளும் 1921 வரையிலான மக்கள்தொகைக் கணக்கும் அங்கே உண்டு. விவரப் படத்தைப் பார்க்கக் கட்டணம் கட்ட வேண்டும். பெயரை விடத் தெருப்பெயரையும் வீட்டு எண்ணையும் வைத்துச் சரிபார்ப்பது பாதுகாப்பு, ஒரே பெயரில் ஒரே ஊரில் பத்துப் பேர் இருப்பார்கள். அதற்குத் தேசிய நூலகம் இலவசமாக வைத்திருக்கும் பழைய தபால் முகவரிப் புத்தகங்கள் உதவும். அட்டையில் ‘மிஸஸ்’ போட்டுக் கணவர் பெயரை எழுதியிருப்பார்கள். ஆனால் ஸ்காட்லாந்தின் பதிவுகளிலும் கல்லறைக் கற்களிலும் பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் தவறாமல் வரும், அந்த வழியில் தேடினால் சீக்கிரம் கிடைப்பார். 1931 கணக்கு இங்கிலாந்துக்கு எரிந்துபோனது, ஸ்காட்லாந்துக்கு அப்படியே இருக்கிறது. நூறாண்டு நிறைந்த பிறகு திறப்பார்கள்.

அட்டையை இணையத்தில் போடும் முன் ஒன்று. கையால் எழுதிய செய்திக்கும் பதிப்புரிமை உண்டு. பிரிட்டன் சட்டப்படி, வெளியிடப்படாத பழைய எழுத்துகள் பலவற்றுக்கு 2039 இறுதிவரை உரிமை நீடிக்கிறது. உயிரோடு இருக்கக்கூடியவர்களின் முகவரியை மறைத்துவிடுங்கள்.

பத்திரப்படுத்தல்

பாலியெஸ்டர் அல்லது பாலிப்ராப்பிலீன் உறை வாங்குங்கள். கடையில் கிடைக்கும் கனமான, புதுப் பொம்மை வாசம் அடிக்கும் பிவிசி உறை வேண்டாம். அதிலிருந்து கசியும் அமிலமும் எண்ணெய்ப் பொருளும் மையை இழுத்து உறையில் ஒட்டிவிடும். லேமினேஷன் செய்யக் கூடாது. கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டினால் சில ஆண்டில் பழுப்புக் கறை காகிதத்துக்குள் இறங்கும், பிறகு எதைச் செய்தாலும் போகாது.

சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் எதிரி ஈரம். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது. உறையின் வாயை முழுதாக மூடாமல், அமிலமற்ற அட்டைப் பெட்டியில் நிறுத்திவைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, நிறம் மாறும்போது மாற்றுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் பரணும் வேண்டாம். ராமபாணப் பூச்சிக்குத் தபால்தலைக் கோந்து என்றால் உயிர். நாப்தலின் உருண்டையை அட்டையோடு சேர்த்து வைக்காமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து பாருங்கள். சுவரில் மாட்ட ஆசை என்றால் ஸ்கேனிலிருந்து பிரதி எடுத்து மாட்டுங்கள்.

அட்டைமேல் பேனாவால் எண் போட வேண்டாம். குறிப்புகளை மெல்லிய பென்சிலில் தனித்தாளில் எழுதி, அந்த மூன்று கட்டத் தாளையும் சேர்த்து அதே பெட்டியில் வையுங்கள். நிரம்பாத கட்டம் காலியாகவே இருக்கட்டும்; ஊகத்தை எழுதுவதானால் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு எழுதுங்கள்.